கொல்லிமலைக்கும் வெளிவட்டச் சாலைக்கும் ஒரே வண்டி: எஞ்சின், கியர்பாக்ஸ் தேர்வில் என் அனுபவம்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் குடியிருக்கிறேன். அலுவலகம் வெளிவட்டச் சாலையில் மாரத்தஹள்ளியைத் தாண்டி இருக்கிறது. தூரம் 12 கி.மீ. தான் என்றாலும், டின் ஃபேக்டரி சந்திப்பையும் மெட்ரோ தூண்கள் எழும்பிய மகாதேவபுரத்தையும் கடந்து போய்ச் சேர்வதற்குப் பல நாட்களில் ஒரு மணி நேரம் பிடிக்கும். மனைவியின் பெற்றோர் கொல்லிமலையில், சோளக்காட்டுக்கு அப்பால், மிளகும் காப்பியும் பயிரிடுகிறார்கள். தார்ச்சாலையிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது பாதை என்ற அடையாளத்தையே இழந்துவிடும். மாதம் இருமுறையாவது அங்கே போகவேண்டியிருப்பதால், நான்கு சக்கர இயக்கமுள்ள சிறிய வண்டி ஒன்று எங்களுக்கு ஆசைப் பொருளாக இல்லாமல் தேவையாகவே ஆயிற்று. அப்படி ஒன்றை வாங்கி, தவறாகப் பயன்படுத்தி, விற்று, மறுபடி ஒன்றை வாங்கிய நான்கு ஆண்டுகளில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பற்றி நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

2021இல் முதலில் வாங்கியது டீசல் எஞ்சினும் மேனுவல் கியரும் கொண்ட வண்டி. மலைக்கு டீசல்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டேன். எஞ்சினின் குறைந்த சுழற்சியிலேயே முழு முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் பலம்) கிடைக்கும், எரிபொருள் குறைவாகச் செலவாகும் என்ற இரண்டு காரணங்களும் உண்மையானவைதான். ஆனால் வண்டி மலையில் இருக்கும் நாட்கள் மாதத்துக்கு நான்கு. மீதி நாட்களில் அது பெங்களூரு நெரிசலில் நின்று நின்று நகர்கிறது என்ற எளிய கணக்கை நான் போடவில்லை.

ஐந்தாவது மாதம் டி.பி.எஃப். எச்சரிக்கை விளக்கு எரிந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிகள் வந்ததிலிருந்து டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் இந்த வடிகட்டி இருக்கிறது. பிடித்து வைத்த கரியை அவ்வப்போது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துத் தன்னைத் தானே அது சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அந்த வெப்பம் வருவதற்கு வண்டி சற்று நேரம் தடையில்லாமல் ஓட வேண்டும். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து, வடிகட்டி போதுமான அளவு சூடேறுவதற்குள் அலுவலக வாசலில் அணைத்துவிடும் வாழ்க்கையில் அது நடக்கவே நடக்காது. சர்வீஸ் நிலையத்தில் கணினியை இணைத்து வலுக்கட்டாயமாக எரியவைத்துக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஏன் அடைத்தது என்று யாரும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் மறுபடி அதே விளக்கு.

அல்சூரில் நீண்ட காலமாகப் பட்டறை வைத்திருக்கும் ஆம்பூர்க்காரர் ஒருவரிடம் இந்த முறை காட்டினேன். அவர் பானெட்டைத் திறந்து முதலில் எஞ்சின் ஆயிலின் அளவுக்கோலை உருவிப் பார்த்தார். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி இருந்தது. "சார், ஆயில் குறைஞ்சாதான் எல்லாரும் பயப்படுவாங்க. டீசல் வண்டியில ஏறினாலும் பயப்படணும்" என்றார். வடிகட்டியைச் சூடேற்றுவதற்காக எஞ்சின் கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள் செலுத்துகிறது. எரிப்பு முடிவதற்குள் நாம் வண்டியை அணைத்துவிட்டால் அந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போய் வழவழப்பை இழக்கிறது. ஆகவே ஆயிலை மாற்றினோம். அதன் பிறகு நான் ஞாயிறுதோறும் விடியற்காலையில் ஓசூர் சாலை மேம்பாலத்தில் ஏறி, ஒரு கியர் குறைத்து, எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுழற்சிக்கு மேலேயே வைத்துக் கிருஷ்ணகிரி திசையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்புவேன். விளக்கு அதன் பிறகு எரியவில்லை. ஆனால் வடிகட்டியைச் சுத்தம் செய்வதற்காகவே வாரம் 70 கி.மீ. ஓட்டுவது, எரிபொருள் சிக்கனத்துக்காக டீசல் வாங்கிய நோக்கத்தையே அழித்தது. நகரத்துக்குள் மட்டும் சிறு தூரங்கள் ஓட்டுபவர், வாரத்துக்கு ஒரு முறையேனும் நெடுஞ்சாலை ஏறாதவர், பி.எஸ். 6 டீசலை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாங்கிவிட்டவர்கள் மாதம் ஒரு முறை ஆயில் அளவு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். வடிகட்டிக்கு ஏற்ற, சாம்பல் குறைவாக விடும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது பாடம் கிளட்ச். 2022 நவம்பரில், பம்பு அறை கட்டுவதற்காகப் பத்து மூட்டை சிமெண்டு ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பாதையின் நடுவே ஆட்கள் வெட்டிச் சீரமைத்த ஓர் ஏற்றம் இருக்கிறது. முந்தைய இரவு மழையில் அது குழைந்து கிடந்தது. லோ ரேஞ்ச் (மிக மெதுவாக, அதிகப் பலத்தோடு நகர்வதற்கான நிலை) என்பது சிக்கிக்கொண்ட பிறகு போடுவது என்று நினைத்திருந்த நான், நான்கு சக்கர இயக்கத்தை உயர் வீச்சிலேயே (வழக்கமான ஹை ரேஞ்சிலேயே) வைத்து, முதல் கியரில், கிளட்சைப் பாதி மிதித்தபடி ஏற முயன்றேன். முன்னால் வழிகாட்டிக்கொண்டிருந்த மாமா ஓடி வந்து, "அந்தச் சின்ன லீவரைப் போடுங்க மாப்ளை, சின்ன லீவரைப் போடுங்க" என்று கூவினார். அவர் முப்பது ஆண்டுகள் பழைய ஜீப் ஓட்டியவர். அவர் சொன்னது என் காதில் விழுவதற்கு முன்பே கருகல் நாற்றம் வந்துவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி அசையவில்லை. ஒரு டிராக்டரை வரவழைத்து இழுத்து, கிளட்ச் தட்டும் பிரஷர் பிளேட்டும் மாற்றிப் பெங்களூரு திரும்ப நான்கு நாட்கள் ஆயின.

மாமா சொன்ன சின்ன லீவர் என்பது, எஞ்சினின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை இயக்கும் லீவர். லோ ரேஞ்ச் செய்யும் வேலை, எஞ்சினின் சுழற்சியை இன்னொரு முறை குறைத்து, அந்த அளவுக்கு இழுவிசையைப் பெருக்குவது. மகிந்திரா தாரில் இந்த விகிதம் 2.48, மாருதி ஜிம்னியில் ஏறத்தாழ 2. அதாவது லோ ரேஞ்சின் முதல் கியரில் தார், உயர் வீச்சில் போகும் வேகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வேகத்தில்தான் நகரும். கிளட்சை முழுவதும் விட்ட பிறகும் எஞ்சின் அணையாமல் நடைவேகத்தில் ஏறும். கிளட்சைப் பாதியில் பிடித்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற நிலை வந்தாலே, தவறான கியரில் இருக்கிறோம் என்று பொருள். ஏற்றத்தின் அடிவாரத்தில், வண்டி இன்னும் சமதளத்தில் நிற்கும்போதே சின்ன லீவரைப் போட்டுவிட வேண்டும். நடுவழியில் சறுக்கிக்கொண்டே அதைத் தேடக் கூடாது. ஏற்றத்தின் நடுவே எஞ்சின் அணைந்துபோனால் கிளட்சை வைத்து மறுபடி மேலே ஏற முயலாமல், கால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, லோ ரேஞ்சில் ரிவர்ஸ் கியர் போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, எஞ்சினை இயக்கிக் கிளட்சை முழுவதும் விட்டு, வந்த தடத்திலேயே பின்னுக்கு இறங்குவதுதான் பாதுகாப்பு. நியூட்ரலில் விட்டுப் பிரேக்கால் இறக்கினால், சறுக்கும் மண்ணில் முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

2024இல் அந்த வண்டியை விற்றேன். அடுத்ததைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், காட்சியறையைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மைத்துனன் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறான். அவனிடம் மேனுவல் கியர் ஜிம்னி இருந்தது. அலுவலக நண்பர் ஒருவரிடம் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் தார் இருந்தது. இரண்டையும் ஒரே வார இறுதியில் கொல்லிமலைக்குக் கொண்டுபோனோம். மலையடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், பிறகு அந்த இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. ஒரு வண்டியின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டும் இரு வேறு சிந்தனைகளின் வண்டிகள். 2020 அக்டோபரில் வந்த தாரின் 2 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) உள்ள பெட்ரோல் எஞ்சின் சுமார் 150 குதிரைத்திறனும், ஆட்டோமேட்டிக்கில் 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. அதே வண்டியின் 2.2 லிட்டர் டீசல் சுமார் 130 குதிரைத்திறனும் 300 நியூட்டன் மீட்டரும். மலைக்கு டீசல்தான் என்ற பழைய பேச்சு, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின்களோடு ஒப்பிட்ட காலத்துப் பேச்சு என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோலில் டர்போ இல்லை. சுமார் 103 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுழற்சியில். முறுக்குவிசையை மட்டும் பார்த்தால் தாரில் பாதிக்கும் குறைவு. ஆனால் அதன் எடை சுமார் 1,200 கிலோ. தார் அதைவிட அரை டன்னுக்கு மேல் அதிகம். சேற்றில் எடை என்பது எஞ்சின் இழுக்க வேண்டிய சுமை என்பதோடு, சக்கரம் எவ்வளவு ஆழம் புதையும் என்பதையும் தீர்மானிக்கிறது. தார் பலத்தால் தாண்டிய குழியை ஜிம்னி அதில் அமிழாமலே கடந்தது.

உயரமும் கணக்கில் வர வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவுக்குப் பலம் இழக்கும், டர்போ உள்ளது பெரும்பாலும் ஈடுசெய்துகொள்ளும். கொல்லிமலையில் இந்த இழப்பு தாங்கக்கூடியது. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு மீட்டருக்குள் முடிந்துவிடும். ஊட்டியைப் போல 2,200 மீட்டருக்கு மேல் முழுச் சுமையுடன் அடிக்கடி ஏறுபவர் டர்போ எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதே சரி.

கியர்பாக்ஸில்தான் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். ஜிம்னியில் மேனுவலுக்கு ஐந்து கியர், ஆட்டோமேட்டிக்குக்கு நான்கு. முதல் கியர் விகிதத்தையும் லோ ரேஞ்சையும் அச்சின் விகிதத்தையும் பெருக்கினால் மேனுவலில் ஏறத்தாழ 36 வருகிறது. ஆட்டோமேட்டிக்கில் ஏறத்தாழ 25. தவழும் விகிதம் என்று இதைச் சொல்லலாம். எண் பெரிதாக இருந்தால் வண்டி மெதுவாகவும் பலமாகவும் நகரும். இந்தக் கணக்கை வைத்து, மண்பாதைக்கு மேனுவல்தான் என்று மைத்துனன் வாதிட்டான். ஆனால் ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே கிளட்சுக்குப் பதிலாக எண்ணெயால் இயங்கும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. சக்கரம் நின்றும் எஞ்சின் சுழன்றும் இருக்கும் நொடியில் அது முறுக்குவிசையை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருக்கிக் கொடுக்கிறது. ஆகவே நின்ற இடத்திலிருந்து ஏற்றத்தில் கிளம்பும்போது 25 என்ற எண் உண்மையில் 36ஐத் தாண்டிவிடுகிறது. தேய்வதற்கு அங்கே தட்டும் இல்லை. நான் கிளட்சைக் கருக்கிய அதே ஏற்றத்தின் நடுவில் நண்பரின் ஆட்டோமேட்டிக் தாரை வேண்டுமென்றே நிறுத்தி, லோ ரேஞ்சில் பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தினேன். ஓர் அங்குலமும் பின்வாங்காமல் ஏறியது. மாமா பின்னால் கல் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்; அதற்கு வேலையே வரவில்லை.

ஆட்டோமேட்டிக் தோற்பது இறக்கத்தில். கன்வெர்ட்டரின் பெருக்கம் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும்போது மட்டுமே கிடைக்கும். சக்கரம் எஞ்சினைச் சுழற்றும் இறக்கத்தில் அது உதவாது. அங்கே 25க்கும் 36க்கும் உள்ள வேறுபாடு முழுமையாகத் தெரிகிறது. மைத்துனனின் மேனுவல் லோ ரேஞ்ச் முதல் கியரில் காலை பிரேக்கின் மேல் வைக்காமலே தோட்டத்திலிருந்து கீழே இறங்கியது. ஜிம்னி ஆட்டோமேட்டிக்கில் கீழ் கியரில் பூட்டிவைத்த பிறகும் பிரேக் தேவைப்படுகிறது. இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு வசதி இரண்டு வண்டிகளிலும் உண்டு; ஆனால் அதுவும் பிரேக்கைத்தான் விட்டுவிட்டு அழுத்துகிறது என்பதை மறக்கக் கூடாது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறத்தான் செய்யும்.

நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழ். ஜிம்னி மேனுவலின் ஐந்தாவது கியரில் மணிக்கு 100 கி.மீ. போகும்போது எஞ்சின் 3,000 சுழற்சிக்கு மேல் ஓடுகிறது. ஆட்டோமேட்டிக்கின் நான்காவது கியரில் சுமார் 2,300. பெங்களூருவிலிருந்து சேலம் வரை மூன்றரை மணி நேரம் அமர்ந்திருப்பவருக்கு இந்த வேறுபாடு காதிலேயே தெரியும். ஆனால் நான்கே கியர் என்பதால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே இடைவெளி பெரிது. மலை வளைவுகளில் கியரை அதன் போக்கில் விட்டால் ஏறுவதா இறங்குவதா என்று அது தடுமாறும். வளைவுக்கு முன்பே கியர் லீவரை 2இல் வைத்துவிட்டால் 70 வளைவுகளையும் அமைதியாக ஏறலாம். தாரின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கில் இந்தக் குறை இல்லை. நாமே கியரை ஏற்றி இறக்கும் வசதியும் இருக்கிறது.

தாரின் 1.5 லிட்டர் டீசலைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2023 ஜனவரியில் வந்த அந்த எஞ்சினும் 300 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஆனால் அது பின்சக்கர இயக்கத்தோடு மட்டுமே வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,500 சி.சி.க்குள் டீசல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு; பெட்ரோலுக்கு இந்தச் சலுகை 1,200 சி.சி. வரைதான். அதனால் விலையில் பெரிய வேறுபாடு தெரியும். தோற்றத்துக்காக வாங்குபவருக்கு அது நல்ல வண்டி. எங்கள் பாதைக்கு அது வராது.

நான் கடைசியில் வாங்கியது ஜிம்னி ஆட்டோமேட்டிக். முடிவெடுத்த முறையை மட்டும் சொல்கிறேன். என் வண்டி ஒரு மாதத்தில் மிக மெதுவாக நகரும் நேரங்களை எழுதிப் பார்த்தேன்: வெளிவட்டச் சாலையில் சுமார் நாற்பது மணி நேரம், மண்பாதையில் ஒரு மணி நேரம். இரண்டிலும் கிளட்ச்தான் அடிபடுகிறது. முதலாவதில் டீசல் வடிகட்டியும் அடைகிறது. டீசல் நீங்கியது, மேனுவலும் நீங்கியது. தாரா ஜிம்னியா என்பதில், சேற்றில் இலகுவாக இருப்பதையும் 1,645 மி.மீ. அகலம் எங்கள் தெருவில் நிறுத்துவதற்குப் போதுமானதாக இருப்பதையும் பார்த்தேன். குடும்பத்தோடு சாமான்கள் ஏற்றி அடிக்கடி மலையேறுபவராக இருந்தால் தாரின் டர்போ பெட்ரோலையே எடுத்திருப்பேன். வாரம் முந்நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுபவராக இருந்தால் டீசலையே மறுபடி எடுத்திருப்பேன். அந்த ஓட்டத்தில் வடிகட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். மைத்துனன் மேனுவலை மாற்றவில்லை. நெரிசல் குறைந்த ஓசூரில், செங்குத்தான பாதைகளில் இறங்கும் பழக்கமுள்ள அவனுக்கு அது சரியான தேர்வுதான்.

ஆட்டோமேட்டிக் வாங்குபவர்கள் லோ ரேஞ்சை மறந்துவிடுவதைப் பார்க்கிறேன். கிளட்ச் கருகாது என்ற தைரியத்தில் உயர் வீச்சிலேயே சேற்றில் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்தால், கன்வெர்ட்டருக்குள் நழுவும் எண்ணெய் கெட்டுப்போகும் அளவுக்குச் சூடேறும். லோ ரேஞ்சில் அந்த நழுவல் குறைவு. நீண்ட நேரம் போராட வேண்டியிருந்தால் நடுவே நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுச் சில நிமிடங்கள் எண்ணெயை ஆறவிட வேண்டும். இன்னொன்று: இரண்டு வண்டிகளிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இல்லை. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்; ஸ்டியரிங் கனப்பதும் சக்கரம் விட்டுவிட்டுத் தத்துவதும் அதன் அறிகுறி. மண் முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் இரண்டு சக்கர இயக்கத்துக்கு மாற்றுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மலைப்பாதையை லீவரை 2இல் வைத்தே இறங்குகிறேன். எட்டாவது பத்தாவது வளைவில் பிரேக்கைத் தொட வேண்டிய இடைவெளி குறைவதாகத் தோன்றினால் கியர் லீவரை L நிலைக்கு (முதல் கியருக்கு) மாற்றி, அகலமான வளைவில் பத்து நிமிடம் நிறுத்திவிடுகிறேன். தருமபுரிக்கு முன்னால் வரும் தொப்பூர் கணவாயில் எங்களுக்கு எதிர்த்திசையில், சேலத்தை நோக்கி, லாரிகள் இறங்கிக்கொண்டிருக்கும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கிப் பிரேக் பிடிக்காமல் போன லாரிகளால் விபத்துகள் நடந்த இடம் அது. பெங்களூருவிலிருந்து போகும்போது அந்த இறக்கம் எங்கள் பக்கம் வரும். தொடங்குவதற்கு முன்பே ஓவர்டிரைவ் பொத்தானை அணைத்து மூன்றாவது கியரில் பிடித்துக்கொள்வேன், எஞ்சின் சத்தம் கூடும், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் மனைவி விழித்து, "தொப்பூர் வந்துடுச்சா?" என்று கேட்பாள்.